ஊர் நடுவில் நிம்மதியாக நடக்க: நில வகைப்பாட்டு விதிகள், ஓர் எளிய அறிமுகம்

சென்னையில் ஒரு தெருவில் நடக்க முடியவில்லை என்று புகார் கிளம்பினால், முதலில் நடப்பது பிளாட்பாரம் போடும் வேலைதான். டைல்ஸ் பதிப்பார்கள், ஓரத்தில் தூண் நடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஜனங்கள் பழையபடி ரோட்டில் இறங்கித்தான் நடந்துகொண்டிருப்பார்கள். ஒப்பந்ததாரர் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் இது நடக்கும். பிளாட்பாரத்தில் ஒருவர் நடப்பதா வேண்டாமா என்பதைப் பாதிக்குப் பாதி முடிவு செய்வது, அதை ஒட்டி இருக்கும் மனைகள். அந்த மனையில் கடை வரலாமா, கட்டடம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், காரை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் விதிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குறிப்பாக, ஊர் நடுவைப் பற்றி. சென்னை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் தனித்தனி ஊர்கள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பட்டணத்துக்கு முன்பே இருந்தவை. 2011-ல் மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகளோடு 25 கிராம ஊராட்சிகளும் உள்ளே வந்தன. மடிப்பாக்கம், நொளம்பூர், ஒக்கியம் துரைப்பாக்கம் எல்லாம் அப்படி வந்தவை. இவற்றில் கோயிலும் குளமும் நாலு கடையும் பஸ் நிறுத்தமும் சேர்ந்த இடம் ஒன்று இருக்கும். ஊர் வளர்ந்து நகரமானதும் அந்த இடம்தான் முதலில் நசுங்குகிறது.

ஒவ்வொரு மனைக்கும் ஒரு வகை

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், சென்னைப் பெருநகரப் பகுதிக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிப்பது சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். இப்போது நாம் பேசுவது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம். அதன் இலக்கு ஆண்டு 2026. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகை ஒதுக்கப்பட்டிருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று. இதைத்தான் நில வகைப்பாடு அல்லது ஜோனிங் என்கிறோம். வீடு கட்ட அப்ரூவல் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள்.

வகையைத் தெரிந்துகொண்டால் மட்டும் கதை முடிந்துவிடாது. அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதை வகை சொல்லும். எப்படிக் கட்டலாம் என்பதைச் சொல்வது 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் (செட்பேக்), மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம் (எஃப்.எஸ்.ஐ.), எத்தனை வண்டிக்கு இடம் காட்ட வேண்டும் என்ற மூன்றும் அதில்தான் இருக்கின்றன. எஃப்.எஸ்.ஐ. 2 என்றால், 1200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2400 சதுர அடி வரை கட்டலாம் என்று பொருள். நடப்பவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை இந்த இரண்டாம் வகை விதிகள். ஆனால் பேச்சு வரும்போதெல்லாம் 'இது ரெசிடென்ஷியலா, கமர்ஷியலா' என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறோம்.

வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்ற பழைய யோசனை

வகை பிரிக்கும் வழக்கம் மோசமான எண்ணத்தில் தொடங்கியது அல்ல. தொழிற்சாலைப் புகை வீட்டுக்குள் வரக் கூடாது என்பதுதான் அடிப்படை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற கிராமம், வீட்டுப் பகுதியையும் கடை, ஆலைப் பகுதிகளையும் தனித்தனியாகப் பிரித்து விதி போட்டது. நிலம் வைத்திருந்த நிறுவனம் ஒன்று எதிர்த்து வழக்குப் போட்டது. 1926-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு அந்த முறை நாடு முழுக்கப் பரவியது.

விளைவு என்னவென்றால், பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டிய ஊர்கள் உருவாயின. வீடு ஒரு மூலை, கடை இன்னொரு மூலை. கடைக்கு முன்னால் கடையைவிடப் பெரிய கார் நிறுத்துமிடம் கட்டாயம். இன்று அங்கே பல சிறிய ஊர்கள் தங்கள் மையப் பகுதிக்கு மட்டும் விதியைத் திருப்பி எழுதுகின்றன. கடைக்கு மேல் வீடு இருக்கலாம், கட்டடம் நடைபாதையை ஒட்டி நிற்கலாம், கட்டாயக் கார் நிறுத்தம் வேண்டாம் என்று மாற்றுகிறார்கள். பஃபலோ நகரம் 2017-ல் குறைந்தபட்சக் கார் நிறுத்த விதியை ஊர் முழுக்கவே எடுத்துவிட்டது. லண்டன் அதற்கும் முன்பே, 2004-ல், 'குறைந்தது இத்தனை' என்பதை 'அதிகபட்சம் இத்தனை' என்று மாற்றியது.

நமக்கு இதில் ஒரு பாதிதான் பொருந்தும். கடையையும் வீட்டையும் நாம் அவ்வளவு கறாராகப் பிரித்ததே இல்லை. முதன்மைக் குடியிருப்புப் பகுதியிலும் அளவுக்கு உட்பட்டு அன்றாடத் தேவைக் கடைகளுக்கு இடம் உண்டு. தெருமுனை மளிகையும் இஸ்திரி வண்டியும் டீக்கடையும் நம்மிடம் இருக்கின்றன. நம் சிக்கல் இன்னொரு பாதியில் இருக்கிறது: தரைத்தளத்திலும் காரிலும்.

மாட வீதியும் ஸ்டில்ட் தெருவும்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய் வாங்கப் போய்ப் பாருங்கள். கடைகள் தெருவைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் நாலு தப்படி அகலம். அதற்குள் அடுத்த கடை வந்துவிடுகிறது. பூ, பாத்திரம், பூஜை சாமான், காப்பித்தூள். பக்கத்துச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. நிறைய இடங்களில் மாடியில் வீடு. நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி ஓரம் முழுக்கக் கொலு பொம்மை. இந்தத் தெருக்களில் நல்ல பிளாட்பாரம் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஜனங்கள் நடக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு அடிக்கும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரே நடையில் நாலு வேலை முடிகிறது. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் வரும் நாளில் வண்டிகளை நிறுத்திவிட்டு அந்த வீதிகளை முழுக்க ஜனங்களுக்கே விட்டுவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் அந்த வீதிகளின் உண்மையான அகலம் தெரியும்.

விதிகளின் பார்வையில் இந்த இடம் ஒரு விதிவிலக்கு. முழுமைத் திட்டத்தில் இப்படிப்பட்ட பழைய பகுதிகளைத் 'தொடர் கட்டடப் பகுதி' என்று குறித்து, பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை என்று சலுகை தந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒருவர் இன்று புதிதாக ஒரு மாட வீதி கட்ட நினைத்தால் அனுமதி கிடைக்காது. நமக்குப் பிடித்த தெருவை நம் விதி தடுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம், வேண்டும் என்றால் ஒரு பகுதிக்குத் தனி விதி போடச் சட்டத்தில் வழி உண்டு என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

இப்போது புறநகர்ப் பக்கம் ஒரு கணக்குப் போடுவோம். அரை கிரவுண்டு மனை, 1200 சதுர அடி, முகப்பு 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 135 சதுர அடி. அது உள்ளே போகப் பத்தடி வழி. முகப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் படிக்கட்டும் மீட்டர் பெட்டியும். அதனால் எல்லோரும் ஸ்டில்ட் போடுகிறார்கள்: கீழே தூண்களும் கார்களும், மேலே வீடு. வெள்ளத்தில் தரைத்தள வீடு மூழ்கிய அனுபவமும் இதற்கு ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் தெருவுக்கு என்ன ஆகிறது? இப்படிப் பத்து மனை வரிசையாக இருந்தால் 200 அடி பிளாட்பாரத்தில் 100 அடி, கார் ஏறும் சரிவு. ஒவ்வொரு சரிவும் ஒவ்வொரு உயரம். மழைத்தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட அரையடி தூக்கிக் கட்டுகிறார்கள். முட்டிவலி உள்ள ஒரு பாட்டி அதில் பத்து முறை ஏறிப் பத்து முறை இறங்க வேண்டும். அவர் ரோட்டில் இறங்கி நடப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. மாநகராட்சி எத்தனை முறை டைல்ஸ் பதித்தாலும் இந்தச் சரிவு அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அதைக் கேட்பது கட்டட விதி.

ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் பாருங்கள். கீழ்த்தளத்தில் ஆள் இல்லை, விளக்கு இல்லை, கேட் பூட்டு. கடையும் திண்ணையும் இருந்த இடத்தில் யாராவது ஒருவர் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டியூஷன் முடிந்து தனியாக வரும் பெண் குழந்தைக்கு அந்த ஒருவர் எவ்வளவு பெரிய தைரியம்!

அகலத்துக்குக் கிடைக்கும் பரிசு

இன்னொரு விதி அவ்வளவாகக் கண்ணில் படாது. சாலை அகலமாக ஆக, பெரிய கட்டடம் கட்டலாம். கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்.எஸ்.ஐ.கூட அப்படித்தான்: 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் வழக்கமான அளவுக்கு மேல் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் வரை 40, அதற்குக் கீழே 9 மீட்டர் வரை 30. தீயணைப்பு வண்டி போக வேண்டும், நெரிசல் தாங்க வேண்டும் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் ஊர் நடுவில் இது வேறு மாதிரி வேலை செய்கிறது. நில உரிமையாளர்கள் எல்லோரும் தங்கள் தெரு அகலமாக வேண்டும் என்று விரும்புவார்கள். அகலமானதும் அது ஊர்த் தெருவாக இருக்காது. வேறு ஊருக்குப் போகும் வண்டிகள் வேகம் பிடிக்கும் சாலையாகிவிடும். மேடவாக்கம் மெயின் ரோட்டை ஒட்டி மடிப்பாக்கத்தில் மாலை நேரத்தில் சாலையைக் கடக்க நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடத்தில் அங்கே நிலையமும் வருகிறது. ரயிலை விட்டு இறங்கும் எல்லோரும் முதலில் நடக்கத்தான் போகிறார்கள்.

எதை மாற்றலாம்

ஊர் முழுக்க விதியை மாற்ற வேண்டியதில்லை. கோயில், சந்தை அல்லது ரயில் நிலையத்தைச் சுற்றி ஐந்து நிமிட நடை, அதாவது சுமார் 400 மீட்டர், அந்த வட்டத்துக்கு மட்டும் ஒரு தனி விதித் தொகுப்பு போதும்.

என் பார்வையில் அதில் முதலில் வர வேண்டியது கார் நிறுத்தம். அந்த வட்டத்துக்குள் சின்ன மனைக்குக் கட்டாயக் கார் நிறுத்தத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, மனைதாரர்களிடம் ஒரு தொகை வாங்கி, வட்டத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் பொதுவான நிறுத்துமிடம் கட்டலாம். கார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பிளாட்பாரத்தை வெட்டிக்கொண்டு போகாமல், ஒரே இடத்தில் உள்ளே போய் வெளியே வரட்டும் என்கிறோம். இந்த ஒன்றைச் செய்தாலே தரைத்தளம் விடுதலை ஆகிவிடும். கடை வரும், கிளினிக் வரும், டெய்லர் வருவார்.

அடுத்து, கட்டடம் நிற்கும் இடம். இன்றைய விதி 'குறைந்தது இவ்வளவு தள்ளி நில்' என்கிறது. மையப் பகுதியில் 'எல்லோரும் இந்தக் கோட்டில் நில்லுங்கள்' என்று சொல்ல வேண்டும். மேல்மாடியை முன்னால் நீட்டி, கீழே தாழ்வாரம் விட்டால் இன்னும் நல்லது. மே மாத வெயிலில் நிழல் இல்லாத பிளாட்பாரம் எவ்வளவு அகலமாக இருந்து என்ன பயன்? தாழ்வாரம் தொடர்ச்சியாக இருந்தால் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒருசேரக் குடை. இதற்குக் கடைக்காரர்கள் உடனே சம்மதிப்பார்கள். மழைக்கு ஒதுங்குபவர்களில் பாதிப் பேர் ஏதாவது வாங்காமல் போக மாட்டார்கள்.

கடையின் அகலத்துக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. நடக்க நன்றாக இருக்கும் தெருவுக்கு வாடகை ஏறும். ஏறினால் நாலைந்து மனையைச் சேர்த்து ஒரே பெரிய ஷோரூம் வரும். நூறு அடிக்கு ஒரே கண்ணாடிச் சுவர் என்றானால் நடக்கிற சுவாரஸ்யம் போய்விடும். பழைய பூக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் முதலில் வெளியேறுவார்கள். ஊர் மையத்தைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி அந்த மையத்தை உருவாக்கியவர்களையே அனுப்பிவிடக் கூடாது. அதனால் சின்னக் கடைகளைக் காப்பாற்றும் விதியைச் சேர்க்காமல் மற்ற விதிகளை மட்டும் மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தெருவோர வியாபாரிகளுக்கும் இதே நியாயம். 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அவர்களின் வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. நகர விற்பனைக் குழு அமைத்து இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த ஒதுக்கீட்டை வரைபடத்திலேயே காட்டிவிட்டால், இடித்து விரட்டும் வேலையும் வேண்டாம், நடப்பவர் தடுமாறவும் வேண்டாம். பிளாட்பாரத்தின் அகலத்தைக் கணக்கிடும்போது, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் 1.8 மீட்டர் என்பது எந்தத் தடங்கலும் இல்லாமல் நடக்க வேண்டிய அகலம். வியாபாரிக்கும் மரத்துக்கும் ஈ.பி. பெட்டிக்கும் அதற்கு மேல் தனியாக இடம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் நம் தெருக்களில் அதிகம் ஏமாற்றுகிறார்கள்: 1.8 மீட்டர் காட்டிவிட்டு, நடுவில் டிரான்ஸ்பார்மர்.

மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. மையப் பகுதியில் பணம் வேண்டாம், நிலமாகவே கொடுங்கள், அதுவும் தெருப் பக்கமாகக் கொடுங்கள் என்று சொன்னால், மரத்தடியில் உட்கார நாலு பெஞ்சாவது கிடைக்கும்.

பாண்டி பஜார் சொல்வது

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கு ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று சொல்லியிருந்தது; அதன் பிறகு வந்தவற்றில் எல்லோர் கண்ணிலும் பட்டது இதுதான். சாயங்காலம் அங்கே போனால் வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் கையை விட்டுவிட்டு ஓடுகின்றன. சென்னையில் குழந்தையின் கையை விடக்கூடிய தெரு எத்தனை இருக்கிறது?

அது அங்கே பலித்ததற்கு ஒரு காரணம், இரண்டு பக்கமும் ஏற்கெனவே தெருவைப் பார்த்த கடைகள் இருந்தன. ஸ்டில்ட் வீடுகளுக்கு நடுவில் அதே வளாகத்தைக் கட்டியிருந்தால் அது காலியான கிரானைட் மைதானமாக இருந்திருக்கும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைமேடை வேறு ரகம். ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போக அது உதவும். ஆனால் ஊர் மையத்துக்கு அது மருந்தாகாது. நடப்பவரை மேலே ஏற்றிவிட்டுத் தரையை வண்டிக்குக் கொடுப்பதை எல்லா ஊரிலும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

எதிர்ப்பு வரும். கார் நிறுத்த இடம் இல்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். தெற்கு மாட வீதிக் கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்த எப்போது இடம் இருந்தது? வண்டிகள் பக்கத்துச் சந்துகளில் புகுந்துவிடும் என்ற பயம் மட்டும் நிஜமானது. அதற்கு, விதி மாற்றத்தோடு சேர்த்தே போக்குவரத்துத் திட்டமும் வேண்டும்: சரக்கு இறக்கக் காலை நேரம், ஆம்புலன்சுக்குத் தடையில்லாத வழி, சந்துகளுக்கு ஒருவழிப் பாதை.

யாரிடம் கேட்பது

இதற்குப் பொருத்தமான கருவி 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. விரிவான வளர்ச்சித் திட்டம் என்று பெயர். முழுமைத் திட்டம் பெருநகரம் முழுவதற்கும். இது ஒரு சின்னப் பகுதிக்குத் தெருத்தெருவாகப் போடும் திட்டம். வரைவை வெளியிட்டு, ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்டு, அரசு ஒப்புதல் தந்து, அரசிதழில் வர வேண்டும். மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டுபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அது அப்படியே கட்டடமாக எழுந்துவிடும்; நடுவில் ஒரு அதிகாரி தெருவைப் பார்த்து யோசிக்க வாய்ப்பில்லை. அதனால் விதியே சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால், சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்து, மையத்தில் இருக்கும் மனைகளின் வகைப்பாட்டைப் பாருங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நலச் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து டேப்போடு ஒரு நடை போங்கள். எத்தனை வாசலில் சரிவு, எங்கே நிழல் அறுகிறது, எந்த இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'நடைபாதை சரியில்லை' என்ற பொதுவான மனுவைவிட, 'இந்தத் தெருவில் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை சின்ன மனைக்குக் கார் நிறுத்தம் கட்டாயம் வேண்டாம், முகப்புக் கோடு இது, கடை அகலம் இதற்கு மேல் கூடாது' என்று எழுதிய மனுவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். வரைவுக்கு ஆட்சேபணை கேட்கும் நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அரசிதழில் வந்த பிறகு ஒரே ஒரு மனையின் வகைப்பாட்டை மாற்றவும் தனி விண்ணப்பம், கட்டணம், பத்திரிகை விளம்பரம் என்று போக வேண்டியிருக்கும்.